ஹாப்கின்சன் தண்டுச் சோதனை: பொருத்துவது முதல் வளைவை நம்புவது வரை

இழுவை இயந்திரத்தில் ஓர் எஃகு மாதிரி அறுந்து விழ ஓரிரு நிமிடம் ஆகும். அதே எஃகு உருக்குலைய, வண்டி மோதும்போது மில்லி நொடிகளும் குண்டு பாயும்போது மைக்ரோ நொடிகளுமே போதும். அந்த வேகத்தில் பல உலோகங்களுக்கு வலிமை கூடிவிடும். மெதுவாக அழுத்தினால் நெளிந்து கொடுக்கும் பிளாஸ்டிக் சில சமயம் நொறுங்கிப் போகும். நிதானமாக எடுத்த எண்ணை வைத்து மோதலைக் கணக்கிட்டால் விடை தப்பும்.

திருகு இயந்திரமும் ஹைட்ராலிக் இயந்திரமும் நொடிக்கு 1 வரையிலான திரிபு வீதத்தை (மாதிரி ஒரு நொடியில் தன் நீளத்தில் எத்தனை பங்கு உருமாறுகிறது என்ற அளவு) பார்த்துக்கொள்ளும். இதற்கென்றே செய்த சர்வோ ஹைட்ராலிக் இயந்திரங்கள் 100 வரை தாக்குப்பிடிக்கும். 10,000க்கு மேலே தகடு மோதல் சோதனைகளின் ராஜ்யம். இடையில் உள்ள 100 முதல் 10,000 வரையிலான பகுதிக்குத்தான் பிளவுபட்ட ஹாப்கின்சன் தண்டு. சார்பி ஊசலும் மோதல் சோதனைதான், ஆனால் உடைய எவ்வளவு ஆற்றல் செலவானது என்ற ஒற்றை எண்ணைத் தருவதற்கு மேல் சாதாரண சார்பியிடம் எதுவும் கேட்க முடியாது. தகைவு-திரிபு வளைவு, அதாவது ஓரலகுப் பரப்பின் மேல் விழும் விசைக்கு நீளம் எத்தனை பங்கு மாறுகிறது என்ற படம், வேண்டுமென்றால் தண்டுக்குத்தான் வரவேண்டும்.

பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1914இல் வெடியின் அழுத்தத்தை அளக்க ஒரு நீண்ட எஃகுத் தண்டைப் பயன்படுத்தினார். 1949இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி இரண்டு தண்டுகளுக்கு நடுவே மாதிரியைச் செருகினார். அதனால் இதைக் கோல்ஸ்கி பார் என்றும் சொல்வார்கள்.

விசையை அளக்கும் சாதாரண லோட் செல்லை இந்த வேகத்தில் அடித்தால் அது மணிபோல் அதிரும். மாதிரி தாங்கிய விசை எது, லோட் செல்லின் சொந்த அதிர்வு எது என்று பிரிக்க முடியாது. நீண்ட தண்டு இந்தச் சிக்கலைத் தாண்டுகிறது: அலை ஒரு முனையில் புகுந்து மறுமுனை போய்த் திரும்புவதற்குள் அளவீடு முடிந்துவிடும். இந்தக் கருவியில் நாம் மாதிரியை நேரடியாக அளப்பதே இல்லை. தண்டில் ஓடும் அலைகளை அளந்து, மாதிரிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். கீழே வரும் கவனமெல்லாம் அந்த ஊகம் பிசகாமல் இருப்பதற்காகத்தான்.

என்னென்ன வேண்டும்

எஃகு, டைட்டானியம், அலுமினியக் கலவை போன்ற உலோகங்களுக்குச் சரிப்படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். தண்டுகள் 20 மி.மீ. விட்டம், 1,800 மி.மீ. நீளம், மாரேஜிங் எஃகு. இந்த எஃகின் நெகிழ்வு எல்லை 2,000 மெகா பாஸ்கலுக்கு அருகில் இருப்பதால், மாதிரி நசுங்கும்போது தண்டு நசுங்காது. முன் தண்டு அலையை மாதிரிக்குக் கொண்டுவரும். பின் தண்டு மாதிரியைக் கடந்ததை வாங்கிக்கொள்ளும். முன் தண்டை அடிக்க அதே எஃகில், அதே விட்டத்தில், 300 மி.மீ. நீள ஸ்ட்ரைக்கர். மூன்றும் ஒரே உருக்கில் வார்த்த கம்பியிலிருந்து கிடைத்தால் நல்லது.

யங் குணகம் (பொருளின் விறைப்பு) 190 ஜிகா பாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 8,000 கிலோ என்று கொண்டால் அலையின் வேகம் நொடிக்கு சுமார் 4,870 மீட்டர். அலைத்துடிப்பின் கால அளவு ஸ்ட்ரைக்கரின் நீளத்தில் இரு மடங்கை அந்த வேகத்தால் வகுத்தால் வரும்: 600 மி.மீ. வகுத்தல் 4,870, ஏறக்குறைய 123 மைக்ரோ நொடி. கண் ஒருமுறை இமைப்பதற்குள் இப்படி ஆயிரம் துடிப்புகளை அடுக்கிவிடலாம். முழுச் சோதனையும் இந்த 123 மைக்ரோ நொடிக்குள் முடிந்தாக வேண்டும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் ஸ்ட்ரைக்கரை நீட்டுங்கள். காற்றழுத்தத்தைக் கூட்டினால் துடிப்பு உயருமே தவிர நீளாது. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஸ்ட்ரைக்கரைத் தள்ளக் காற்றுத் தொட்டி, சோலனாய்டு வால்வு, ஒரு மீட்டர் நீளக் குழல். 3 பார் அழுத்தம் குழல் முழுக்கத் தள்ளினால், உராய்வும் கசிவும் இல்லாத கணக்கில், 0.75 கிலோ ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 16 மீட்டர் வேகம் எடுக்கும். நிஜத்தில் இதைவிடக் குறையும். அதனால் அழுத்தத்தையும் வேகத்தையும் நீங்களே அளந்து ஓர் அட்டவணை போட்டு வையுங்கள். குழலின் வாய்ப்பக்கம் சில துளைகள் கட்டாயம் வேண்டும். அவை இல்லாவிட்டால் முன்னால் அடைபட்ட காற்று ஸ்ட்ரைக்கரைத் தடுக்கும், பின்னால் உள்ள காற்று மோதிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரைக்கரின் பின்பாதி குழலுக்குள் இருக்கும்போதே மோதல் நடக்கும்படி முன் தண்டை வையுங்கள். முழுதாக வெளியே வந்த ஸ்ட்ரைக்கர் தலை சாய்ந்துவிடும்.

வேகத்தை அளக்கக் குழல் வாயில் 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு லேசர் கதிர்கள் போதும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக 2.5 மில்லி நொடி ஆகும். பின் தண்டின் கடைசியில் எஞ்சிய வேகத்தை வாங்கிக்கொள்ளக் களிமண் பெட்டியோ ஹைட்ராலிக் தணிப்பானோ வையுங்கள்.

நூல் பிடித்தாற்போல்

தடிமனான ஐ-பீம் ஒன்றின் மேல் 400 மி.மீ.க்கு ஒரு தாங்கி. புஷ் வெண்கலமாக இருக்கலாம், டெஃப்லானாகவும் இருக்கலாம். தண்டை ஒற்றை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். எங்காவது பிடித்தால் அந்தத் தாங்கி உயரமாகவோ பக்கவாட்டில் விலகியோ இருக்கிறது. திருகை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தாங்கிகள் எல்லாவற்றையும் தளர்த்தி, குழல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக மறுபடி பிடியுங்கள்.

பிறகு இரண்டு தண்டுகளின் முகத்தையும் சேர்த்துவைத்து, பின்னால் ஒரு டார்ச் விளக்கைப் பிடியுங்கள். கீற்று வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கசிந்தால், பின் தண்டைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். கசிவு தண்டோடு சேர்ந்து சுற்றினால் முகம் கோணலாகக் கடையப்பட்டிருக்கிறது, லேத்துக்குத்தான் அனுப்பவேண்டும். கசிவு அதே இடத்தில் நின்றால், ஒன்று தாங்கி விலகியிருக்கிறது, இல்லை முன் தண்டின் முகம் கோணல். முன் தண்டையும் திருப்பிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஸ்ட்ரெயின் கேஜ்

தண்டின் திரிபை மின்தடை மாற்றமாகக் காட்டும் சிறு ஒட்டுத்தகடு இது. கருவியின் காதும் கண்ணும் இதுதான். 2 மி.மீ. நீளம், 350 ஓம் கேஜுகளை ஒவ்வொரு தண்டிலும் ஜோடியாக, ஒன்றுக்கொன்று நேரெதிர்ப் பக்கத்தில் ஒட்டி, சிறு மின்தடை மாற்றத்தை மின்னழுத்தமாக்கும் வீட்ஸ்டன் பாலத்தின் எதிரெதிர்க் கைகளில் இணையுங்கள். மீதி இரண்டு கைகளுக்கு 350 ஓம் துல்லிய மின்தடைகள். தண்டு வளைந்தால் ஒரு கேஜ் கூட்டிக் காட்டும், மற்றது குறைத்துக் காட்டும். கூட்டுத்தொகையில் வளைவு அடிபட்டுப்போகும்.

ஒட்டும் இடம் இரண்டு தண்டுகளிலும் மாதிரிப் பக்க முனையிலிருந்து 900 மி.மீ. இதற்கு இரண்டு காரணங்கள். உள்வரும் துடிப்பின் வால் கேஜைக் கடப்பதற்குள் திரும்பி வரும் துடிப்பின் தலை வந்துவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதைத் தவிர்க்கக் கேஜுக்கும் முனைக்கும் குறைந்தது ஸ்ட்ரைக்கரின் நீளமாவது இடைவெளி வேண்டும். இரண்டாவது, தூரம் சமமாக இருந்தால் மாதிரியில் பட்டுத் திரும்பும் அலையும் அதைக் கடந்துபோன அலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதிவாகும். பின்னால் நேரத்தைப் பொருத்தும் வேலை பாதியாகிவிடும்.

ஒட்டும் இடத்தை 320 உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்கவேண்டும். சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டுக்கும் குறைவாகப் போதும். கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கம்பிதான் அடிக்கடி சோதிக்கும். ஒவ்வொரு சுடுதலிலும் தண்டின் மேற்பரப்பு சட்டென்று நகர்கிறது. கனத்த கம்பி தன் எடையாலேயே சாலிடரைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மயிரிழைபோன்ற எனாமல் கம்பியைச் சிறு வளையம் விட்டு, அரிசி நொய் அளவு சாலிடரில் பிடித்து, பருமனான கேபிளைத் தண்டில் ஒட்டாமல் தனித் தூணில் கட்டுங்கள். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கேஜ் ஒருநாள் விடும். இன்னொரு ஜோடியைப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

5 வோல்ட் கொடுத்தால், 2.1 கேஜ் காரணியோடு (திரிபைப்போல் எத்தனை மடங்கு மின்தடை மாறும் என்ற எண்), 0.00205 திரிபுக்குப் பாலம் தருவது சுமார் 10.8 மில்லி வோல்ட்தான். நூறு மடங்கு பெருக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதன் அலைவரிசை அகலம் 500 கிலோ ஹெர்ட்ஸாவது இருக்கட்டும். நிலையான சுமைக்குச் செய்த ஸ்ட்ரெயின் இண்டிகேட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் துடிப்பின் கூரான தோள்பட்டை வழவழவென்று உருண்டு தெரியும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பொய். பதிவுக்கு நொடிக்கு 50 லட்சம் புள்ளிகள் போதும். 123 மைக்ரோ நொடிக்கு அறுநூற்றுச் சொச்சம் புள்ளிகள் கிடைக்கும்.

மாதிரி இல்லாமல் முதல் அடி

அளவுத்திருத்தம் இல்லாமல் மாதிரியைத் தொடாதீர்கள். ஒரு கேஜுக்கு இணையாக 175 கிலோ ஓம் மின்தடையை வைத்தால் 950 மைக்ரோ திரிபுக்கு (பத்து லட்சத்தில் 950 பங்கு) சமமான மாற்றம் வரும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மின்தடை ஒரு கேஜில் மட்டும் இருக்கிறது. சோதனையில் இரண்டு கேஜும் வேலை செய்யும். ஆகவே அது தண்டின் 475 மைக்ரோ திரிபுக்குத்தான் சமம். இதை மறந்தால் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் இரு மடங்காக வரும்.

அந்தத் தவறைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. முன் தண்டையும் பின் தண்டையும் நேராக ஒட்டிவைத்து, ஸ்ட்ரைக்கரை நொடிக்கு 20 மீட்டரில் சுடுங்கள். உள்வரும் திரிபு, மோதல் வேகத்தை அலை வேகத்தின் இரு மடங்கால் வகுத்ததற்குச் சமமாக வேண்டும்: 20 வகுத்தல் 9,740, அதாவது 0.00205. தகைவாகச் சொன்னால் 390 மெகா பாஸ்கல். ஆஸிலோஸ்கோப் இதிலிருந்து 2 சதவீதத்துக்குமேல் விலகினால், வேக அளவி, பாலத்தின் மின்னழுத்தம், ஆம்ப்ளிஃபயர் பெருக்கம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். பின் தண்டிலும் அதே உயரம் வரவேண்டும். திரும்பும் அலை ஏறக்குறைய இல்லாமல், சுழிக்கோட்டிலேயே தட்டையாக இருக்கவேண்டும். ஆரம்பத்தில் கூரான முள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் முகங்கள் சரியாக ஒட்டவில்லை.

பின் தண்டை விலக்கிவிட்டு இன்னொரு முறை சுட்டால் அலை வேகமும் கையோடு கிடைத்துவிடும். கேஜிலிருந்து முனைக்குப் போய்த் திரும்பும் 1,800 மி.மீ. தூரத்துக்கு 369 மைக்ரோ நொடி வந்தால் வேகம் சுமார் 4,880 மீட்டர். புத்தக எண்ணை விட்டுவிட்டு இனி இதையே பயன்படுத்துங்கள். தண்டை எடை போட்டு அடர்த்தி கண்டு, அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் யங் குணகமும் உங்கள் தண்டுக்கே உரியதாகிவிடும்.

இந்த வெற்று அடியை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் ஒருமுறை அடிப்பது பத்து நிமிட வேலை. அதைச் சோம்பலில் விட்டால் ஒரு வாரத் தரவை அப்படியே தூக்கிப் போடவேண்டி வரலாம்.

மாதிரி

10 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் உருளை. நீள-விட்ட விகிதம் ஏன் அரை? மாதிரி நசுங்கும்போது பக்கவாட்டில் விரியும் நிறையும் அச்சுவாக்கில் ஓடும் நிறையும் தகைவில் பிழையைக் கொண்டுவருகின்றன. பாய்சான் விகிதம் (அமுங்கும் திரிபில் எத்தனை பங்கு பக்கவாட்டில் விரிகிறது என்பது) மூன்றில் ஒன்றாக உள்ள பொருளுக்கு, விகிதம் 0.5 ஆகும்போது அவை இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மெலிதாக்கினால் உராய்வு ஆளும். உயரமாக்கினால் உள்ளே தகைவு சமமாகவே நேரம் போதாது.

இரண்டு முகங்களும் 0.01 மி.மீ.க்குள் இணையாக இருக்கட்டும். லேத்தில் கடைந்ததை அப்படியே வைக்காமல் லேப்பிங் (நுண்துகள் கொண்டு மட்டமாகத் தேய்ப்பது) செய்யுங்கள். மைக்ரோமீட்டரால் ஐந்து இடத்தில் தடிமனை எழுதிக்கொள்ளுங்கள். முகத்தில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கிரீஸை மெல்லப் பூசி, மாதிரியைத் தண்டுகளுக்கு நடுவே வைத்துத் திருகி அதிகப்படியைப் பிதுக்கித் துடைத்துவிடுங்கள். பூச்சு தடித்தால் அதுவே இன்னொரு மாதிரியாகி, வளைவின் தொடக்கத்தை இழுத்துவிடும். பூச்சே இல்லாவிட்டால் சோதனைக்குப் பிறகு மாதிரி பீப்பாய்போல் நடுவில் உப்பியிருக்கும்.

செப்புத் தட்டு

முன் தண்டின் அடிபடும் முகத்தில் பதனாற்றிய செப்புத் தட்டு ஒன்றை, 5 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. தடிமன், கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். எஃகும் எஃகும் நேராக மோதினால் துடிப்பு 10 மைக்ரோ நொடியில் செங்குத்தாக ஏறி, உச்சியில் கிடுகிடுவென்று நடுங்கும். அந்த நடுக்கம் மாதிரியின் குணம் அல்ல. உயர் அதிர்வெண் அலைகள் தண்டில் பின்தங்கி ஓடுவதால் வருவது. செப்பு நசுங்கி நேரம் வாங்கிக் கொடுப்பதால் ஏற்றம் 30, 40 மைக்ரோ நொடிக்கு நீள்கிறது, நடுக்கமும் அடங்குகிறது. திரும்பும் அலையில் மேடு பள்ளம் இல்லாத சமவெளி கிடைத்தால் திரிபு வீதம் மாறாமல் இருந்தது என்று பொருள். அதற்கேற்ற தட்டின் அளவை மூன்று நான்கு முயற்சியில்தான் கண்டுபிடிக்க முடியும். வளைவு சரியில்லை என்றால் பலருக்கும் கை முதலில் போவது காற்றழுத்தத் திருகுக்கு. போகவேண்டியது செப்புத் தட்டுக்கு.

சுடுவது

நொடிக்கு 20 மீட்டரில் வரும் ஸ்ட்ரைக்கரிடம் 150 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 15 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கைமேல் போட்டதற்குச் சமம். தொட்டியில் அழுத்தம் ஏறியபின் தண்டுகளுக்கு நடுவே கை போகக்கூடாது. மாதிரியைச் சுற்றிப் பாலிகார்பனேட் கூண்டு, உங்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பு. சுடும் பொத்தான் இரண்டாக, இரு கையாலும் அழுத்தும்படி இருக்கட்டும்.

வரிசை இதுதான்: ஸ்ட்ரைக்கரைக் குழலின் அடிவரை தள்ளுங்கள். மாதிரியை வைத்து, தண்டுகளை மெல்லச் சேர்த்து, கூண்டை மூடுங்கள். பாலத்தைச் சுழியாக்குங்கள். முன் தண்டின் கேஜில், எதிர்பார்க்கும் உயரத்தில் பத்தில் ஒரு பங்கில், பதிவைத் தொடங்கிவைக்கும் டிரிகரை வையுங்கள். டிரிகருக்கு முந்தைய 20 சதவீதத்தையும் சேர்த்து மொத்தம் 2 மில்லி நொடி பதிவாகட்டும். அதன்பிறகுதான் அழுத்தம் ஏற்றுவது. சோலனாய்டு திறக்கும்போது வரும் மின் இரைச்சலிலேயே டிரிகர் விழுந்து வெறும் கோடு பதிவானால், சோலனாய்டின் கம்பியையும் கேஜ் கம்பியையும் தனித்தனி வழியாகக் கொண்டுபோங்கள்.

சிக்னலைப் படிப்பது

மூன்று அலைகள் கையில் இருக்கின்றன. திரும்பும் அலை மாதிரியின் திரிபு வீதத்தைச் சொல்லும். கடந்த அலை தகைவைச் சொல்லும். ஓர் உதாரணம்: உள்வரும் திரிபு 0.00205, துடிப்பின் நடுப்பகுதியில் திரும்பியது 0.00135, கடந்தது 0.0007. அலை வேகத்தின் இரு மடங்கைத் திரும்பிய திரிபால் பெருக்கி, மாதிரியின் தடிமனால் வகுத்தால் திரிபு வீதம்: 9,740 × 0.00135 ÷ 0.005, நொடிக்கு ஏறக்குறைய 2,630. தகைவுக்குத் தண்டின் யங் குணகத்தைக் கடந்த திரிபாலும், தண்டு-மாதிரி பரப்பு விகிதத்தாலும் பெருக்குங்கள். விட்டம் 20க்கு 10 என்பதால் விகிதம் 4. ஆக 190,000 × 4 × 0.0007, அதாவது 532 மெகா பாஸ்கல். இது பொறியியல் தகைவு. அந்தக் கணத்தில் மாதிரி 15 சதவீதம் நசுங்கியிருந்தால் அதன் பரப்பும் விரிந்திருக்கும். உண்மைத் தகைவு 532 × 0.85, சுமார் 452 மெகா பாஸ்கல்.

இதை நம்புவதற்கு முன் ஒரு பரீட்சை பாக்கி இருக்கிறது. உள்வரும் அலையையும் திரும்பிய அலையையும் குறியோடு கூட்டினால் மாதிரியின் முன்முகத்தின் விசை. கடந்த அலை பின்முகத்தின் விசை. இரண்டையும் ஒரே படத்தில் வரையுங்கள். தொடக்கச் சில மைக்ரோ நொடிகளுக்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்று படிந்து போகவேண்டும். 10 சதவீதத்துக்குமேல் விலகியே ஓடினால் மாதிரிக்குள் தகைவு சமமாகவில்லை. அந்த வளைவைக் குப்பையில் போடலாம். மாதிரி மெலியவேண்டும், அல்லது ஏற்றம் இன்னும் நிதானமாக வேண்டும். அதற்கு முன் நேரத்தைப் பொருத்தியதில் பிசகு இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு மைக்ரோ நொடி தள்ளிப்போனாலே சமநிலை இல்லாததுபோல் தெரியும்.

இந்தக் காரணத்தால்தான் வளைவின் முதல் சாய்விலிருந்து யங் குணகத்தை எடுக்கக்கூடாது. 5 மி.மீ. உலோகத்தை அலை ஒருமுறை கடக்க 1 மைக்ரோ நொடி. சமநிலைக்குக் குறைந்தது மூன்று நான்கு முறை கடக்கவேண்டும். 2,500 வீதத்தில் 1 சதவீதத் திரிபு 4 மைக்ரோ நொடியில் முடிந்துவிடும். சமநிலை வரும்போது நெகிழ்வுப் பகுதியே கடந்து போயிருக்கும்.

வெப்பத்தையும் மறக்கவேண்டாம். உலோகத்தை நசுக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 90 சதவீதம் வெப்பமாகிறது. 123 மைக்ரோ நொடியில் அது வெளியேற வழியில்லை. 450 மெகா பாஸ்கலில் 30 சதவீதம் நசுங்கிய எஃகு 30 டிகிரி அளவுக்குச் சூடேறும். டைட்டானியக் கலவையில் இது 100 டிகிரியைத் தாண்டும். வளைவின் பின்பகுதி சரிந்தால் பொருள் மென்மையாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

சோதனைக்குப் பிறகு மாதிரியை அளந்தால் கணக்கு சொன்னதைவிட அதிகமாக நசுங்கியிருப்பது வழக்கம். திரும்பிய அலை முன் தண்டின் மறுமுனைக்குப் போய், 740 மைக்ரோ நொடி கழித்து மீண்டும் வந்து அடிக்கிறது. பதிவில் இருப்பது முதல் அடி மட்டும்தான். குறிப்பிட்ட திரிபில் நிறுத்தி நுண்ணமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால், மாதிரியைச் சுற்றிக் கடினமாக்கிய எஃகு வளையம் போடுங்கள். 20 சதவீதத்தில் நிற்க வளையத்தின் உயரம் 4 மி.மீ.

உலோகம் அல்லாதவை

பீங்கான் 1 சதவீதத்துக்கும் குறைந்த திரிபிலேயே உடைந்துவிடும். அதற்குப் பெரிய செப்புத் தட்டு வைத்து, முக்கோணம்போல் மெல்ல ஏறும் துடிப்பு தேவை. வெறுமனே வைத்தால் பீங்கான் எஃகுத் தண்டின் முகத்தில் பள்ளம் போட்டுவிடும். இருபக்கமும் டங்ஸ்டன் கார்பைடு வில்லைகள் வையுங்கள். அலைத் தடை (அடர்த்தி, அலை வேகம், பரப்பு மூன்றின் பெருக்கம்) பொருந்த, 20 மி.மீ. எஃகுத் தண்டுக்குக் கார்பைடு வில்லையின் விட்டம் 13 மி.மீ. அளவில் வரும்.

ரப்பரும் நுரையும் நேர்மாறு. எஃகுத் தண்டில் கடந்த அலை இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். அலுமினியத் தண்டுக்கு மாறுங்கள். யங் குணகம் 70 ஜிகா பாஸ்கல் அளவே என்பதால் அதே விசைக்கு இரண்டரை மடங்குக்கு மேல் சிக்னல் வரும். பின் தண்டைக் குழாயாக்கினால் இன்னும் கூடும். அதுவும் போதாவிட்டால், கேஜ் காரணி 100ஐத் தாண்டும் குறைகடத்திக் கேஜ். மாதிரியை 2 மி.மீ. தடிமனுக்குக் குறையுங்கள், கிரீஸுக்குப் பதில் வேசலின் தடவுங்கள். மற்றதெல்லாம் உலோகத்துக்குச் சொன்னதுதான். விசைச் சமநிலைப் படத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள்.